திரும்பி வந்தவர்களின் கணக்கு

குணமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிய 503 பேரை மருத்துவக் குழு ஒன்று விடாமல் பின்தொடர்ந்தது. இடம் திருவள்ளூர் மாவட்டம். காலம் 2000-த்தை ஒட்டிய ஆண்டுகள். அத்தனை பேரும் காசநோய் மாத்திரையை முடித்தவர்கள். சளியில் கிருமி இல்லை என்று எழுதி அவர்களுடைய சிகிச்சை அட்டைகளை மூடியாகிவிட்டது. அரசுப் பதிவேட்டைப் பொறுத்தவரை 503-ம் வெற்றி. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அடுத்த 18 மாதங்கள் அவர்களைத் தேடிப் போய்ச் சளியை வாங்கிப் பரிசோதித்தார்கள். 62 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்.

ஓர் ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரியா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கட்டடத்தையும் ஸ்கேன் எந்திரத்தையும் டாக்டரின் பெயருக்குப் பின்னால் நிற்கும் பட்டங்களையும் மக்கள் பார்க்கிறார்கள். மருத்துவத் தரத்தை அளப்பவர்கள் கேட்பது வேறு. டிஸ்சார்ஜ் ஆனவர்களில் எத்தனை பேர் 30 நாளுக்குள் மறுபடி வந்து படுக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் வராமலே இருந்திருக்க முடியும்? அமெரிக்காவில் 2012-லிருந்து இந்தக் கணக்கு மருத்துவமனையின் வருமானத்தையே தொடுகிறது. இந்தியாவில் பெரும்பாலான மருத்துவமனைகளின் வாசலில் இப்படியொரு எண் எழுதப்பட்டதே இல்லை. ஆனால் இந்தக் கேள்வியின் உயிரான பகுதி, அதாவது போனவர் என்ன ஆனார் என்று விசாரிக்கும் பழக்கம், சென்னையிலும் அதன் மேற்கே திருவள்ளூர் வட்டாரத்திலும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இருந்துவருகிறது. காசநோய்தான் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது.

சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஆவடி, திருநின்றவூர் தாண்டினால் வேப்பம்பட்டு. அடுத்து செவ்வாப்பேட்டை ரோடு, புட்லூர், திருவள்ளூர். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை இது. அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி டாங்க் தொழிற்சாலை, காக்களூர் சிட்கோ ஆகியவற்றுக்கு ஆட்களைக் கொண்டு சேர்ப்பது இந்தப் பாதைதான். வடக்கே கூடூர் மார்க்கத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இன்னொரு பாதை. நோயாளிகளும் இதே ரயிலில்தான் போகிறார்கள். சென்ட்ரலில் இறங்கிச் சாலையைக் கடந்தால் பெரியாஸ்பத்திரி. 1664-ல் கோட்டைக்குள் தொடங்கி, 1772-ல் இப்போதைய இடத்துக்கு வந்தது. வேப்பம்பட்டுக்காரர் ஒருவர் மூச்சுத்திணறலோடு அங்கே சேர்ந்து, தேறி, மாத்திரைச் சீட்டோடு ஊர் திரும்பினால், அதன் பிறகு அவர் மருந்தைத் தொடர்ந்தாரா, மறுபடி திணறியபோது அதே ஆஸ்பத்திரிக்குப் போனாரா, பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாரா என்பது ஊருக்குத் தெரியும். அவரை அனுப்பிவைத்த வார்டுக்குத் தெரியாது.

இதே பாதையின் திருவள்ளூரில் வைத்திய வீரராகவப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். அமாவாசை தோறும் கூட்டம் வரும். கோயில் குளத்தில் வெல்லத்தைக் கரைப்பார்கள். அது கரைவதுபோல நோயும் கரைய வேண்டும் என்பது வேண்டுதல். பெருமாளையே மருத்துவராக வைத்து வணங்கும் ஊர், பிற்காலத்தில் உலகக் காசநோய் ஆய்வின் வரைபடத்தில் முக்கியமான புள்ளியாக மாறியது.

போனவர் என்ன ஆனார் என்ற கேள்வியை மருத்துவ உலகம் தாமதமாகத்தான் கேட்டது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1863-ல் மருத்துவமனைகள் பற்றிய தம் நூலை விரிவாக்கி வெளியிட்டபோது, இறப்புக் கணக்கில் உள்ள பெரிய ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். மருத்துவமனைக்குள் இறந்தவர்கள் மட்டும் எண்ணப்படுகிறார்கள். பிழைக்க மாட்டார் என்று தெரிந்து அனுப்பப்பட்டு வெளியே இறந்தவர்கள் எண்ணப்படுவதில்லை. அப்படி அனுப்புவதைச் சில மருத்துவமனைகள் மற்றவற்றைவிட அதிகம் செய்கின்றன என்றார். இந்த ஒன்றரை நூற்றாண்டில் அந்த ஓட்டை முழுதாக அடைபடவில்லை.

அவருக்கு அடுத்த தலைமுறையில் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் வந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் அட்டை போட்டு, சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து அவரைக் கூப்பிட்டுப் பார்த்து, விளைவை அதே அட்டையில் எழுத வேண்டும் என்பது அவருடைய கொள்கை. விளைவு நன்றாக இல்லையென்றால் ஏன் என்றும் எழுத வேண்டும். மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனை இதை ஏற்கவில்லை. காட்மன் விலகித் தம் சொந்தச் சிறு மருத்துவமனையில் செய்து காட்டினார். 1911 முதல் 1916 வரை டிஸ்சார்ஜ் ஆன 337 பேரின் சிகிச்சையில் 123 தவறுகள் நடந்ததாகத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். சக மருத்துவர்கள் அவரை ஒதுக்கினார்கள். 1940-ல் இறந்தவரின் கல்லறைக்கு 2014-ல்தான் பெயர்க்கல் வைத்தார்கள். மருத்துவத் தர அளவீட்டின் முன்னோடி என்று இன்று அவரைக் கொண்டாடுகிறார்கள். தன் தவறைத் தானே எண்ணி வெளியிடும் மருத்துவமனைகள் இன்றும் அபூர்வம்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

மருந்து இல்லாத காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் ஓய்வு, காற்று, பால், முட்டை. ஐரோப்பாவில் மலையோரம் சானடோரியங்கள் முளைத்தன. தமிழரான டாக்டர் டேவிட் சவுரிமுத்து இங்கிலாந்தின் மெண்டிப் ஹில்ஸில் ஒன்றை நடத்தினார். கணித மேதை ராமானுஜன் அங்கே சில காலம் அவரிடம் சிகிச்சை பெற்றார். சவுரிமுத்து ஊர் திரும்பி 1928-ல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. தாம்பரத்துக்கு முந்தைய ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் தாம்பரம் சானடோரியம்.

சானடோரியத்தில் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் இருந்தார்கள். எடை கூடும், காய்ச்சல் இறங்கும், இருமல் அடங்கும். தேறினார் என்று எழுதி அனுப்புவார்கள். திரும்பிப் போவது அதே ஒற்றை அறைக்கும் அதே அரைவயிற்றுக் கூழுக்கும் அதே மூட்டை தூக்கும் வேலைக்கும்தான். நோய் மறுபடி கிளம்பும். இது உலகம் முழுக்க நடந்தது. இங்கிலாந்தில் பென்ட்ரில் வர்ரியர்-ஜோன்ஸ் என்ற மருத்துவர் இதைப் பார்த்து நொந்துதான் 1918-ல் பாப்வொர்த் என்ற ஊரில் புதுவிதக் குடியிருப்பை அமைத்தார். சிகிச்சை முடிந்தவர்கள் குடும்பத்தோடு அங்கேயே தங்கி, உடம்பு தாங்கும் அளவுக்குப் பட்டறைகளில் வேலை செய்து கூலி வாங்கலாம். நோய் திரும்புவது நுரையீரலில் மட்டும் தீர்மானமாவதில்லை, வீட்டிலும் வேலையிடத்திலும் தீர்மானமாகிறது என்பதை அவர் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு சொன்னார். ஏழை நாட்டால் அப்படி ஊர் ஊராகக் கட்ட முடியாது. இந்தியாவில் காசநோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான் இருந்தன.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ் என்ற மருந்துகள் வந்தன. 1952-ல் ஐசோனியசிட் வந்தது. மாத்திரையிலேயே நோய் குணமாகும் என்றால் படுக்கை எதற்கு?

இதற்கு விடை தேடத்தான் 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து தொடங்கிய மையம் அது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முன்னின்று நடத்தினார். நகரத்தின் நெரிசலான குடியிருப்புகளிலிருந்து வந்த ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரு குழுவுக்கும் ஐசோனியசிட், பாஸ் என்ற அதே மருந்துகள், ஓராண்டு. ஒரு குழுவுக்குச் சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, நர்சுகளின் கவனிப்பு. இன்னொரு குழு தன் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டது.

1959-ல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம். வீட்டில் 86 சதவீதம். சானடோரியத்துக்காரர்களுக்கு எடை அதிகம் கூடியது, ஆனால் கிருமி ஒழிவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்தவர்களிடமிருந்து குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. சானடோரியங்களை நம்பியிருந்த நாடுகள் ஒவ்வொன்றாகத் தங்கள் கொள்கையை மாற்றிக்கொள்ள இந்தச் சென்னை ஆய்வு பெரிய காரணமாயிற்று.

மருத்துவ வரலாற்றில் எல்லோரும் எடுத்துச் சொல்வது இந்த ஓராண்டு முடிவைத்தான். அதைவிடப் பெரிய காரியம் அதன் பிறகு நடந்தது. அந்த நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வீட்டில் குணமானவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியதா? அப்படித் திரும்பியிருந்தால் வீட்டுச் சிகிச்சை என்ற எண்ணமே நொறுங்கியிருக்கும். திரும்பவில்லை, இரு குழுவும் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றன. 1966-ல் அந்த ஐந்தாண்டு முடிவு வெளியான பிறகுதான் வாதம் உறுதிப்பட்டது. சிகிச்சை முடிந்த நாளை முடிவாக எடுத்துக்கொள்ள அந்த மையம் மறுத்தது. அங்கே நடந்த ஆய்வுகளில் நோய் திரும்புவதைக் கணக்கெடுப்பது வழக்கமாகவே ஆனது.

வீட்டில் மருந்து சாப்பிடுகிறார்களா என்பதை அறிய அவர்கள் பட்ட பாடும் சொல்ல வேண்டியது. பாஸ் மாத்திரை வயிற்றைப் புரட்டும். நாளொன்றுக்குக் கைநிறைய விழுங்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் இருமல் நின்றதும் 'இனி எதற்கு' என்று தோன்றும். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கி மருந்து உடம்பில் இருக்கிறதா என்று சோதித்தார்கள். வாராவாரம் கண் முன்னால் வைத்தே மருந்து கொடுக்கும் முறைகளை 1960-களில் சோதித்துப் பார்த்ததும் இங்கேதான். பிற்காலத்தில் டாட்ஸ் என்று உலகம் முழுக்கப் பரவிய திட்டத்தின் வேர்களில் ஒன்று சேத்துப்பட்டில் உள்ள இந்த மையத்தில் இருக்கிறது. அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

திருவள்ளூர் இந்தக் கதைக்குள் வருவது 1968-ல். அப்போது அது செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதி. தனி மாவட்டமானது 1997-ல். பிசிஜி தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கிறதா என்று பார்க்க, உலகின் மிகப்பெரிய தடுப்பூசி ஆய்வுகளில் ஒன்றை இந்தப் பகுதியில் நடத்தினார்கள். 200-க்கும் மேற்பட்ட கிராமங்கள், சில நகரங்கள், வீடு வீடாகக் கணக்கெடுப்பு. முடிவு ஏமாற்றம்: பெரியவர்களுக்கு வரும் தொற்றும் வகைக் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை. 1979-ல் வெளியான அந்த முடிவு உலகத்தையே அதிரவைத்தது. ஆனால் வீட்டுக்கு வீடு எண் போட்டு, ஆளுக்கு ஆள் பதிவு வைத்து, வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்க் கேட்கும் பழக்கம் இந்த மண்ணில் வேர்விட்டது. எக்ஸ்ரே வண்டி வந்தால் ஊரே வரிசையில் நின்ற காலம் அது.

1999-ல் திருவள்ளூரின் சில ஒன்றியங்களில் டாட்ஸ் திட்டத்தை முன்மாதிரியாகத் தொடங்கி, கூடவே மக்கள்தொகை ஆய்வுகளையும் நடத்தினார்கள். முதல் ஐந்தாறு ஆண்டுகளில் லட்சம் பேருக்குச் சுமார் 600 ஆக இருந்த நோயின் அளவு 300-ஐ ஒட்டி இறங்கியது. பாதி. அடுத்து 2006-08-ல் எடுத்த கணக்கில் மறுபடி கொஞ்சம் ஏறியது. ஏறியதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

இந்தப் பின்னணியில்தான் அந்த 503 பேரின் கணக்கு எடுக்கப்பட்டது. 12 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது என்பது அதில் பாதிச் செய்தி. மீதிப் பாதியில்தான் பாடம் இருக்கிறது. திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே திரும்பிவிட்டது. மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களுக்கு, ஒழுங்காகச் சாப்பிட்டவர்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் திரும்பியது. தொடக்கத்திலேயே மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி இருந்தவர்களுக்கும் பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கும் அதிகம். இந்த மூன்றும் இல்லாதவர்களை, அதாவது மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்ட, புகைக்காத, கட்டுப்படும் கிருமி கொண்டவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 4.8 சதவீதம்.

12-க்கும் 4.8-க்கும் இடையில் உள்ளதுதான் தவிர்த்திருக்கக்கூடிய பங்கு. நோயின் இயல்பால் வருவதைத் தடுக்க முடியாமல் போகலாம். மீதியெல்லாம் யாரோ ஒருவர் இன்னொரு முறை பேசியிருந்தால், மருந்து எதிர்ப்பை முதலிலேயே சோதித்திருந்தால், பீடியை விட உதவியிருந்தால் வந்திருக்காது. மறுசேர்க்கை பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். தவிர்க்கக்கூடியது எவ்வளவு என்பதை இவ்வளவு தெளிவாக, ஒரு கிராமப்புற மாவட்டத்தில், நோயாளியின் வாசலிலேயே நின்று அளந்த வேலை மிகக் குறைவு.

ஏன் மருந்தை விட்டார்கள்? அதையும் இந்த மாவட்டத்திலேயே கேட்டார்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. வேலை தேடி வேறு ஊர் போய்விட்டேன். இருமல் நின்றது, போதும் என்று நினைத்தேன். லீவு போட்டால் அன்றைய கூலி போகும். குடி. இந்தப் பதில்களைக் கேட்ட பிறகு நோயாளி 'ஒத்துழைக்கவில்லை' என்று ஒரே வார்த்தையில் எழுதி முடிப்பது நியாயமில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளாததும் வேலைக்காக ஊர் மாறுவதும் சிகிச்சை தருபவர் முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டியவை. கும்மிடிப்பூண்டியிலோ காக்களூரிலோ ஒப்பந்தக் கூலியாக ஷிப்ட் பார்ப்பவருக்குக் காலை ஒன்பது மணிக்கு மட்டும் திறக்கும் மருந்து மையம் மூடியிருக்கும் மையம்தான். ஈஎஸ்ஐ அட்டை உள்ள தொழிலாளிக்குக் காசநோய் வந்தால் கூலியின் 80 சதவீதம்வரை இரண்டாண்டு கிடைக்கும் நீட்டித்த நோய்க்கால உதவி சட்டத்திலேயே இருக்கிறது. ஒப்பந்ததாரரின் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அது எட்டாது.

வாரத்துக்கு மூன்று நாள் மருந்து என்ற அன்றைய முறையை 2017-ல் கைவிட்டு நாடு முழுக்கத் தினசரி மருந்துக்கு மாறினார்கள். மருந்து எதிர்ப்பை முதல் சளியிலேயே சோதிக்கும் கருவிகள் இன்று மாவட்டங்களுக்கு வந்துவிட்டன. 2018-லிருந்து நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000. சானடோரியத்துக் காலத்தில் உணவுக்குக் கொடுத்த இடத்தை மாத்திரை வந்ததும் மறந்திருந்தோம். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நோயாளியின் குடும்பத்துக்கு நல்ல உணவு கொடுத்தாலே அவர்களுக்குக் காசநோய் வருவது கணிசமாகக் குறைகிறது என்று காட்டியது.

தொடக்கத்தில் சொன்ன அமெரிக்கக் கணக்கு வேறு வழியில் வந்தது. முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டின் பில்களைப் புரட்டிப் பார்த்த ஆய்வு 2009-ல் வெளியானது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 30 நாளுக்குள் மறுபடி சேர்ந்திருந்தார். 2004-ல் மட்டும் திட்டமிடாத மறுசேர்க்கைகளுக்கு ஆன செலவு 1,740 கோடி டாலர். எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது, அறுவை அல்லாத சிகிச்சை பெற்று வீட்டுக்குப் போய் 30 நாளில் திரும்பியவர்களில் பாதிப் பேர் இடைப்பட்ட நாட்களில் வெளியே எந்த மருத்துவரையும் பார்த்ததற்கு பில்லே இல்லை என்பதுதான். டிஸ்சார்ஜுக்கும் அடுத்த சேர்க்கைக்கும் நடுவில் அவர்களை யாரும் பார்க்கவில்லை. 2012 அக்டோபரில் அரசு அபராதம் போடத் தொடங்கியது. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா நோயாளிகள் எதிர்பார்ப்பைவிட அதிகமாகத் திரும்பிய மருத்துவமனைக்குக் கட்டணத்தில் வெட்டு. உச்சவரம்பு பின்னர் 3 சதவீதமானது.

மறுசேர்க்கை குறைந்தது. கூடவே சிக்கலும் வந்தது. ஏழைகளை அதிகம் பார்க்கும் மருத்துவமனைகள் அதிக அபராதம் கட்டின. பின்னர் அதற்கு விதியைத் திருத்த வேண்டியிருந்தது. இதயச் செயலிழப்பு நோயாளிகளின் இறப்பு இந்தக் காலத்தில் கூடியதாக 2018-ல் ஓர் ஆய்வு சொன்னது. காரணம் அபராதமா இல்லையா என்ற விவாதம் ஓயவில்லை. சேர்க்க வேண்டியவரைச் சேர்க்காமல் வீட்டுக்கு அனுப்பினாலும் கணக்கு அழகாகத்தான் தெரியும். நைட்டிங்கேல் சொன்ன ஓட்டையேதான்.

இந்தியாவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஹெச், அவசரப் பிரிவுக்கு 72 மணி நேரத்துக்குள் அதே தொந்தரவோடு திரும்புகிறவர்களையும், ஐசியூவிலிருந்து போய் 48 மணி நேரத்துக்குள் ஐசியூவுக்கே திரும்புகிறவர்களையும் எண்ணச் சொல்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் திரும்புகிறவர் அதே ஆஸ்பத்திரிக்கு வந்தால்தான் அந்த எண்ணிக்கையில் விழுவார். வேப்பம்பட்டுக்காரர் முதல் முறை பெரியாஸ்பத்திரி, இரண்டாம் முறை திருவள்ளூர், மூன்றாம் முறை பூந்தமல்லிப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி என்று அலைந்தால் மூன்று இடத்திலும் அவர் புது நோயாளி. அமெரிக்க முதியோருக்கு பில் கட்டுவது ஒரே காப்பீடு என்பதால் கணக்கு பிடிபட்டது. இங்கே ஆளோடு சேர்ந்து நகரும் எண் வேண்டும். காசநோய்க்கு அது இருக்கிறது: 2012-ல் வந்த நிக்ஷய் பதிவு. கர்ப்பிணிகளுக்குத் தமிழ்நாட்டில் பிக்மி எண் இருக்கிறது. ஊர் மாறினாலும் அந்த எண்ணைச் சொன்னால் பழைய பதிவு கிடைக்கும். இதய நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் இவ்வளவு உறுதியான ஏற்பாடு இல்லை.

தமிழ்நாடு சும்மா இருக்கவும் இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. பக்கவாதம் வந்தவருக்குப் பிசியோதெரபி, படுத்த படுக்கையானவருக்கு வலி தணிக்கும் பராமரிப்பு என்று அதன் பட்டியல் நீளம். 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் 1956-ன் பாடத்தை மறுபக்கத்திலிருந்து முடித்துவைக்கிறது. பெரும்பாலோருக்குப் படுக்கை தேவையில்லை என்று அன்று நிரூபித்தோம். படுக்கை கட்டாயம் தேவைப்படும் சிலரை வீட்டுக்கு அனுப்பியதால் பலர் முதல் இரண்டு மாதத்திலேயே இறந்தார்கள். இப்போது எடை மிகக் குறைந்தவர், மூச்சு வாங்குகிறவர், பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாதவர் யார் என்று நோய் உறுதியானதுமே சுகாதாரப் பணியாளர் பார்த்து, அவர்களை உடனே சேர்க்கிறார்கள். இதை வடிவமைத்ததில் முக்கியப் பங்கு வகித்த தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருப்பது அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில், இதே பக்கத்தில்.

ஆக, அறிவும் ஆளும் முறையும் இங்கேயே இருக்கின்றன. காசநோய்க்குச் செய்ததை மற்ற நோய்களுக்குச் செய்யவில்லை என்பதுதான் குறை. திருவள்ளூர் தலைமை மருத்துவமனை 2022-ல் மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. வருடந்தோறும் அங்கே மாணவர்கள் சேர்கிறார்கள். இதயச் செயலிழப்பு, நாள்பட்ட மூச்சுக்குழல் நோய், எடை குறைந்து பிறந்த குழந்தை என்று ஒரு சில வகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, டிஸ்சார்ஜ் ஆன ஒவ்வொருவரையும் ஒரு வாரத்துக்குள் போனிலாவது கூப்பிட்டு, முப்பதாம் நாள் எங்கே எப்படி இருக்கிறார் என்று எழுதிவைக்க அதற்கு எந்தப் புது எந்திரமும் வேண்டாம். எத்தனை பேர் திரும்பினார்கள், அதில் தவிர்த்திருக்கக்கூடியது எத்தனை என்பதை ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடட்டும். ஈஎஸ்ஐ மருத்துவமனைகளும் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் அதையே செய்யட்டும். எண் மோசமாக வந்தால் அபராதம் போட வேண்டாம். அமெரிக்கா அந்த வழியில் போய்ப் பட்டது போதும். எண் வெளியே வந்தாலே திருத்தத்துக்கு வழி பிறக்கும் என்பதற்குத் திருவள்ளூரின் 12 சதவீதமே சாட்சி.

அதுவரை நோயாளியின் வீட்டார் கையில் இருப்பது கேள்விதான். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போது எந்த மாத்திரையை எத்தனை நாள், எது நின்றால் எது வரும், இரவில் மூச்சு வாங்கினால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், அடுத்து யாரை எந்தத் தேதியில் பார்க்க வேண்டும் என்று தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தராமல் கட்டிலைக் காலி செய்யச் சொன்னால், எழுதித் தரும்வரை அங்கேயே உட்காருங்கள்.